சௌந்தரநாயகியில் ஒரு சைக்கிள்

அந்த மாதத்தில் மூன்றாவது ஸ்போக்ஸ் கம்பி பாப்பாகோவில் திருப்பத்தில் முறிந்தது. 'டிங்' என்று ஒரு சத்தம்தான். அதற்குப் பிறகு பின்சக்கரம் நொண்டி ஆடு போல ஒரு பக்கமாக இழுக்க ஆரம்பித்தது. அம்சம் இறங்கி, கேரியரில் இருந்த கருவாட்டுக் கூடையை இன்னொரு முறை இறுக்கிக் கட்டிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளிப்பாளையம் வரை நடந்தாள். ஆனி மாத வெயில் பத்து மணிக்கே மண்டையைப் பிளந்தது. வழியில் பார்த்த ஒருவர்கூட என்ன ஆச்சு என்று கேட்காமல் போகவில்லை. கருவாட்டுக்காரி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவது அவ்வளவு அதிசயமாக இருந்தது அவர்களுக்கு.

முபாரக் பாயின் சைக்கிள் கடையில் சக்கரத்தைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்ததுமே ரிம்முக்குள்ளிருந்து செம்பட்டைத் துருத்தூள் கொட்டியது. பாய் அதை உள்ளங்கையில் வாங்கி, நுனிநாக்கில் வைத்துப் பார்த்தார். வைத்தியர் நாடி பிடிக்கிற தோரணை.

"உப்பு. கடல் தண்ணியில கழுவுறியாம்மா?"

"என்ன பாய் இப்படிக் கேட்டுட்டீங்க? வெள்ளிக்கு வெள்ளி ஒரு சொம்பு நல்ல தண்ணில தொடச்சு, செயினுக்கு ஆயில் போட்டு, கம்பி கம்பியா தேங்காண்ணெ தடவுறேன். நட்டுக்கெல்லாம் மெழுகுவத்தி தேய்ச்சு வச்சிருக்கேன், பாருங்க. நீங்க சொன்னதுல ஒண்ணு விடலை."

"அப்ப இது எங்கேர்ந்து வருது?"

"காத்துதான்."

"காத்து வெளியில திங்கும்மா. இது உள்ளேர்ந்து தின்னுக்கிட்டு வருது." பாய் முன்பக்க ஃபோர்க்கை ஸ்பேனரால் தட்டிக் காண்பித்தார். சத்தம் மண்பானையில் தட்டியது போல இருந்தது. "இப்படியே போச்சுன்னா ஒரு மாசம் தாங்கும். ஓடிக்கிட்டிருக்கிறப்ப முறிஞ்சா உன் பல்லுதான் போகும். இதைக் கரையில வச்சுக்க. வேணும்னா நம்ம கடையிலயே நிக்கட்டும். படகுக்கும் சைக்கிளுக்கும் ஆகாது."

படகுக்கும் சைக்கிளுக்கும் ஆகாது என்று எல்லோரும்தான் சொன்னார்கள். அம்சத்துக்கு அது மாமியாருக்கும் மருமகளுக்கும் ஆகாது என்பது போலக் கேட்டது. கேட்காமல் என்ன செய்யும்? அந்தப் படகின் பெயர் சௌந்தரநாயகி. அவள் மாமியாரின் பெயரும் அதுதான்.

உண்மையான சௌந்தரநாயகியை அம்சம் பார்த்ததில்லை. மார்கழிப் பௌர்ணமியன்று காலையில் வந்த சுனாமி அலை அவளைக் கொண்டுபோய்விட்டது; திருப்பித் தரவில்லை. அதற்கு அடுத்த வருடம்தான் அம்சம் மாரியப்பனைப் பார்த்தாள், ஒரு கணக்கெடுப்பு வேலையாகக் கடலோரத்துக்குப் போனபோது. வயல் வேலை செய்கிற வீட்டுப் பெண்ணுக்கும் கடலில் போகிறவனுக்கும் என்ன பேச்சு என்று இரண்டு பக்கமும் கேட்டார்கள். என்ன பேச்சோ பேசினார்கள். கடைசியில் பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளை மிதித்துக்கொண்டு அவளேதான் பதிவாளர் அலுவலகத்துக்குப் போனாள். மாப்பிள்ளை கேரியரில் உட்கார்ந்து வந்தார். அவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. இன்றுவரை தெரியாது.

அந்தச் சைக்கிள்தான் இது. ஹேண்டில்பார் மாறி, சீட்டு மாறி, சக்கரங்கள் எத்தனையோ முறை மாறி, சட்டம் மட்டும் அதே சட்டம். நீலப் பெயிண்ட் போன இடத்தில் மாரியப்பன் படகுக்கு அடித்த பச்சையில் மிச்சமிருந்ததைப் பூசியிருந்தார்.

படகு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. காரைக்காலில் ஒரு பிரெஞ்சுப் பென்ஷன்காரர் ஆசைப்பட்டுக் கட்டிய இருபத்தெட்டு அடி மரப் பாய்ப்படகு. பத்து வருடமாக அதில் பாய் பிடித்ததும், பலகை மாற்றியதும், மராமத்துப் பார்த்ததும் மாரியப்பன். அந்தப் பென்ஷன்காரர் தன் மகனோடு இருக்க பாரீசுக்குப் போனபோது, "நீதான் வச்சுக்கணும்" என்று கிட்டத்தட்ட சும்மாவே கொடுத்துவிட்டுப் போனார். மகள் பூமிகா தஞ்சாவூரில் நர்சிங் ஹாஸ்டலுக்குப் போயிருந்த சமயம். குடியிருப்பு வீட்டை வாடகைக்கு விட்டால் அவள் படிப்புக்கு ஆகும் என்று புருஷனும் பெண்டாட்டியும் ஒரு பெட்டியோடும் ஒரு கேஸ் அடுப்போடும் படகில் ஏறினார்கள். ஒரு வருடம் பார்க்கலாம் என்றுதான் ஏறினார்கள். இரண்டாவது வருடம் யாரும் இறங்குவதைப் பற்றிப் பேசவில்லை.

அம்சத்துக்கு அந்த வாழ்க்கை பிடித்திருந்தது. அதை அவள் யாரிடமும் ஒளிக்கவில்லை. உள்ளறையில் நான்கு எட்டு வைத்தால் வீடு முடிந்துவிடும். பெருக்க ஒரு நிமிடம். தை பிறந்தால் பாய் விரித்து வேளாங்கண்ணி, தரங்கம்பாடி, பூம்புகார், பழையாறு என்று துறை துறையாகப் போவார்கள். ஒவ்வொரு துறையிலும் மாரியப்பனுக்கு ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிற வேலை இருக்கும். அம்சம் சைக்கிளில் கருவாட்டைக் கட்டிக்கொண்டு உள்நாட்டுக்குள் போய்விடுவாள். நெத்திலி எந்த ஊரில் போகும், வாளைக் கருவாடு எந்தத் தெருவில் போகும் என்று அவளுக்குத் தெரியும். நடவு நாளில் வரப்பில் போய் நின்றால் போதும், பெண்கள் சேற்றுக் கையோடு கரையேறி வந்து கூடையைக் காலி செய்துவிடுவார்கள். அவள் அம்மா அப்படிக் கரையேறி வந்தவள்தான். நீரும் நெல்லும் இருக்கிற பக்கம் போய்விட்டு, சாயங்காலம் கடல் பக்கம் திரும்பி வருகிற கொடுப்பினை எத்தனை பேருக்கு வாய்க்கும்?

இதில் ஒரே ஒரு சட்டம்தான் இடைஞ்சல். படகில் செருப்பு ஏறக் கூடாது. கடலோரத்தில் பொதுவாகவே அப்படித்தான்; பெற்ற தாயின் பெயர் வைத்த படகு என்றால் கேட்க வேண்டுமா? செருப்பையே ஏற்றாதவர் சைக்கிளை ஏற்றுவாரா?

"செருப்பாவது ரெண்டு காலு போன எடத்துக்குத்தான் போவும். ஒன் சைக்கிளு எதை எதை மிதிச்சிட்டு வருதோ" என்றார் மாரியப்பன்.

ஆறு மாதம் அது கரையில் ஐஸ் ஃபேக்டரிச் சுவரோரம் சங்கிலியில் நின்றது. பெல் போயிற்று, சீட்டு போயிற்று, ஒருநாள் முன்சக்கரமே போயிற்று. அன்று அம்சம் சோறு ஆக்கவில்லை. மறுநாள் மாரியப்பனே பலகை வைத்துச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்து, பாய்மரத்துக்குப் பின்னால் கட்டி, கிழிந்த பாய்த்துணியால் போர்த்தி வைத்தார். ஒரே ஒரு நிபந்தனை: கரையிலேயே சக்கரத்தைத் துடைத்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். அவளும் ஒருநாள் தவறாமல் துடைத்தாள்.

அப்புறம் எங்கிருந்து வருகிறது இந்த உப்பு?

சைக்கிளை உருட்டிக்கொண்டு துறைக்குத் திரும்பும்போது அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். வெள்ளிக்கிழமை தெற்கேயிருந்து வீசும் சோழகக்காற்றைப் பிடித்துப் பூம்புகார் போவதாக ஏற்பாடு. அங்கே குறுவை நடவு தொடங்கிவிட்டது. மேகலா என்கிற நடவுக்காரி மூன்று முறை போனில் கேட்டுவிட்டாள், எப்ப வர்றீங்க அக்கா என்று. இந்தச் சைக்கிளை இன்னொரு தடவை கடல்வழியாகக் கொண்டுபோனால் அத்தோடு சரி. சைக்கிள் இல்லாமல் பூம்புகாரில் அவள் என்ன செய்வது? படகில் உட்கார்ந்து அலையை எண்ணுவதா? பாய் கடைக்குப் பின்னால் ஒரு ரூம் காலியாக இருக்கிறதாம். நடவு முடிகிறவரை சைக்கிளோடு அவள் இங்கே தங்கிக்கொள்வாள், அவர் போய்வரட்டும். கல்யாணம் ஆகி ஒரு மாதம் சேர்ந்தாற்போலப் பிரிந்திருந்ததில்லை. ஆனாலும் சாயங்காலம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வழக்கம்போல இரண்டு கேன்களை எடுத்துக்கொண்டு மீன் ஏலக்கூடத்துக்குப் பக்கத்துப் பொதுக்குழாய்க்குப் போனாள். அங்கே போய், பிடித்து, பேசி, திரும்ப முக்கால் மணி நேரம் ஆகும். அன்று குழாயில் காற்றுதான் வந்தது. பத்தே நிமிடத்தில் வெறும் கேன்களோடு திரும்பினாள்.

படகில் மாரியப்பன் குந்தி உட்கார்ந்திருந்தார். போர்த்தியிருந்த பாய்த்துணி விலகியிருந்தது. கயிறு கட்டிய வாளியை ஆற்றில் விட்டு இழுத்து, சைக்கிள் சக்கரத்தின் மேல் நிதானமாக ஊற்றினார். கடுவையாறு அந்த இடத்தில் பெயருக்குத்தான் ஆறு, ருசிக்குக் கடல். தேங்காய் நாரால் டயரின் பள்ளம் பள்ளமாகத் தேய்த்தார். ஸ்போக்ஸ் ஒவ்வொன்றையும் விரலால் உருவினார். கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிறவள் போல அவ்வளவு பதவிசு. கடைசியாக ஒரு வாளியை மொத்தமாகக் கவிழ்த்துவிட்டு, படகின் முன்முனையான அணியத்தைப் பார்த்து, "ஆச்சும்மா, சுத்தமாயிடுச்சு" என்றார்.

அம்சத்துக்குக் கோபம் வந்ததா, அழுகை வந்ததா, சிரிப்பு வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. மூன்றும் ஒன்றாக வந்து முட்டிக்கொண்டு நின்றன. கையிலிருந்த கேன் நழுவிக் கல்லில் விழுந்து உருண்டது.

"எத்தனை நாளா நடக்குது இது?"

மாரியப்பன் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை. நல்ல காரியம் செய்யும்போது யாராவது பார்த்துவிட்டால் வருமே, அந்தக் கூச்சம்தான் இருந்தது.

"ஏத்துன நாள்லேர்ந்து. நீ தொடைக்கிறே, இல்லைங்கலை. ஆனா தொடைச்சா போவுமா? கடல் தண்ணி பட்டாத்தான் தீட்டு போவும். ஒனக்கு எதுக்குக் கூடுதல் வேலைன்னு நானே..."

"தீட்டு போவலைங்க, சைக்கிளு போவுது! பாய்கிட்ட சத்தியம் பண்ணாத கொறையா சொல்லிட்டு வந்திருக்கேன், கடல் தண்ணி படவே இல்லைன்னு. உப்பு பட்டா எதுங்க வெளங்கும்? எங்கப்பா நெலம் தெரியும்ல ஒங்களுக்கு? கடைமடையில மூணு மா. சுனாமி தண்ணி வாய்க்கால் வழியா வந்து ஒருநாள்தான் நின்னுச்சு. மூணு வருசம் புல்லு மொளைக்கலை. மழை பேஞ்சு பேஞ்சு கழுவி விட்டப்புறம்தான் நெல்லு பிடிச்சுது. அந்த உப்பை எடுத்து தெனம் என் சைக்கிள்ல ஊத்தியிருக்கீங்களே!"

மாரியப்பன் வாளியைக் கீழே வைத்தார். உப்புத் தண்ணீரால் கெடுதல் வரும் என்பது அவர் காதில் ஏறவே நேரம் பிடித்தது. பிறந்ததிலிருந்து புண்ணுக்கு அதுதான் மருந்து, மீனுக்கு அதுதான் காவல். அம்மாவைக் கொண்டுபோன கடல்மேல் அவர் ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"இரும்பைத் திங்கும்னு தெரியும்" என்றார் மெதுவாக. "ஆணியைத் திங்கும், நங்கூரத்தைத் திங்கும். ஆனா நான் சக்கரத்தைத்தானே கழுவுனேன். டயரு ரப்பருதானே?"

"டயரு எதுல மாட்டியிருக்கு, காத்துலயா?"

அவள் விடவில்லை. ரூம், நடவு, அவர் மட்டும் பூம்புகார் போவது என்று மனதில் அடுக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டினாள். "சைக்கிளு இந்தப் படகுல பொழைக்காதுன்னா நானும் கரையிலதாங்க" என்று முடித்தபோது குரல் உடைந்துவிட்டது. மாரியப்பன் எழுந்து வந்து, உருண்டு கிடந்த கேனை எடுத்தார். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

"தெரியாமப் பண்ணிட்டேன் அம்சம். நீயும் தெரியாமத்தானே பண்றே."

"நான் என்ன பண்ணினேன்?"

சொல்லியிருக்கக் கூடாது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஆனால் வாயிலிருந்து விழுந்ததை வாளி போட்டு இழுக்க முடியுமா? அவள் பிடித்த பிடியில் நின்றாள். கடைசியில் அவர் படகின் ஏறுபலகை வந்து சேருகிற இடத்தைக் காட்டினார். அங்கே ஒரு பலகை மட்டும் புதிது. மற்றவற்றைவிட நிறம் வெளுப்பு. போன ஆடியில் குடைப்புழு அரித்துவிட்டது என்று சொல்லி மாற்றியது.

"புழு இல்லை. நல்ல தண்ணி. மரம் உப்புத் தண்ணியில நூறு வருசம் கெடக்கும். நல்ல தண்ணி ஊறுனா இத்துப்போவும். நீ தெனம் காலையில மஞ்சத்தண்ணி தெளிச்சு கோலம் போடுறியே, அந்த எடம்."

அம்சம் அந்த இடத்தைப் பார்த்தாள். படகில் ஏறிய முதல் நாள் காலையிலேயே, வாசல் இல்லாத வீடு எது என்று, ஏறுகிற இடத்தை வாசலாக வைத்துத் தெளித்துக் கோலம் போட்டது அவள்தான். ஒருநாள் விட்டதில்லை. குடிக்கிற தண்ணீரில் மிச்சம் பிடித்து ஒரு சொம்பு. அந்த வழக்கத்தில் அவளுக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

"ஏங்க, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது? நீ வாசத் தெளிக்கிற சத்தம் கேட்டுத்தான் நான் முழிக்கிறேன். அப்பத்தான் இது வீடுன்னே தோணுது. நீ சைக்கிளை எடுத்துட்டுப் போனதும் நாலு வாளி கடல் தண்ணி ஊத்தி அலசி விட்டுடுவேன். அப்படியும் ஒரு பலகை போச்சு. போனாப் போவட்டும், பலகைதானே."

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இந்த மாமியார் மருமகள் உடைத்ததையும் மண்குடம் என்று விட்டுவிட்டு இரண்டு வருடம் வாய் திறக்காமல் கிடந்திருக்கிறாள். அம்சம் ஏறுபலகையிலேயே உட்கார்ந்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து மாரியப்பன் பதறிப்போய்ப் பக்கத்தில் வந்தார். வந்து பார்த்தால், சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீரும் இருந்தது.

"நான் அவங்களை ஊறவச்சிருக்கேன், நீங்க என் சைக்கிளை ஊறவச்சிருக்கீங்க. நல்ல குடும்பம்!"

மறுநாள் காலையில் மாரியப்பன் சைக்கிளைக் கரையிறக்கி, தானே தள்ளிக்கொண்டு போனார். ஓட்டத் தெரியாதவர் சைக்கிள் தள்ளுவது, சந்தையில் வாங்கிய மாட்டை ஓட்டிக்கொண்டு போவது போலத்தான். அது ஒரு பக்கம் இழுத்தது, அவர் ஒரு பக்கம் இழுத்தார். வெளிப்பாளையம் போய்ச் சேர்ந்ததும், பாய் கேட்பதற்கு முன்பே, "நான்தான் பாய். அவ மேல தப்பில்லை" என்றாராம். முபாரக் பாய் அதை அப்புறம் அம்சத்திடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஃபோர்க் மாற்றி, ரிம் இரண்டும் மாற்றி, உள்ளே கிரீஸ் அடைத்து, நல்ல தண்ணீரில் சட்டத்தைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தார். கூடவே ஒரு புதிய பெல்லையும் மாட்டி அனுப்பினார்.

சைக்கிள் பிழைத்துவிட்டது. ஆனால் எங்கே வைப்பது? அதுதான் வியாழக்கிழமை முழுக்கக் கேள்வி. கடல் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று மாரியப்பன் ஒப்புக்கொண்டார். கழுவாத சக்கரம் அம்மாமேல் நிற்கக் கூடாது என்பதை மட்டும் அவரால் விட முடியவில்லை. அம்சமும் விடு என்று சொல்லவில்லை. கேட்டால் விட்டிருப்பார். விட்டுவிட்டு மனசுக்குள் வைத்துக்கொண்டு நடமாடுவார். அந்த நடமாட்டத்தை நான்கு எட்டு வீட்டில் வைத்துக்கொண்டு அவளால் பார்க்க முடியாது. பாய் கடை ரூமுக்கு இன்னும் அவள் வேண்டாம் என்று சொல்லியிருக்கவில்லை.

மாலையில் அவள் கருவாடு கட்டிவிட்டுத் திரும்பியபோது மாரியப்பன் பாய்மரத்தடியில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். தாடையைச் சொறிந்தார். கப்பியில் ஓடுகிற கயிற்றை எடுத்து இழுத்துப் பார்த்தார். பிறகு கரைக்கு வந்து, சைக்கிளைச் சட்டத்தோடு கயிற்றில் கோத்துக் கட்டினார்.

"என்ன பண்றீங்க?"

"கொஞ்சம் பிடி. அம்மாவை மிதிக்கக் கூடாதுன்னுதானே சொன்னேன்?"

"ஆமாம்."

"தோள்ல தூக்கி வச்சுக்கிட்டா? திருவிழாவுல புள்ளையைத் தூக்கி வச்சுக்குவாங்க. அது கால்ல சேறு இருக்கான்னு யாரு பாக்குறா?"

கயிறு இறுகியது. கப்பி கிறீச்சிட்டது. சைக்கிள் கரையிலிருந்து எழும்பி, ஒருமுறை சுற்றி, ஆளுயரத்துக்கு மேலே போய்ப் பாய்மரத்தின் முன்பக்கத்தில் நின்றது. ஆடாமல் இருக்க அவர் மேலே ஏறி மூன்று இடத்தில் கட்டினார். சக்கரங்கள் எதையும் தொடவில்லை. அலை தெறிக்காத உயரம். ஏலக்கூடத்திலிருந்து பார்த்த ஒருவர், "என்ன மாரியப்பா, சைக்கிளு தூக்குல தொங்குது?" என்று கத்தினார். "காத்து வாங்குது" என்று மாரியப்பன் திருப்பிக் கத்தினார். அம்சம் கழுத்தை நிமிர்த்திப் பார்த்தபடியே முபாரக் பாய்க்குப் போன் போட்டு, ரூம் வேண்டாம் என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் சொம்பை எடுத்தவள், கீழே வைத்துவிட்டுக் கயிற்று வாளியைத் தூக்கினாள். ஆற்றுக்குள் வீசி இழுக்கிற வாகு அவளுக்கு வரவில்லை; அரை வாளிதான் வந்தது. அதைத் தெளித்தாள். கோலம் கொஞ்சம் பிசுபிசுத்தது. உள்ளே புரண்டு படுத்த மாரியப்பன் அந்தச் சத்தத்தில்தான் கண் விழித்தார்.

முகத்துவாரம் தாண்டும்போது சோழகம் நன்றாகப் பிடித்துக்கொண்டது. அம்சம் நீச்சல் தெரியாதவர்கள் உட்காருகிற மாதிரி, நடுவில், கால் மடக்கி உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேலே பெல் ஒவ்வோர் அலைக்கும் லேசாகச் சிணுங்கியது. பத்து மணிக்கு மேல் கரைப்பக்கம் இருண்டது. வயல்களைத் தாண்டி வந்த மேகம் நேராக இவர்களை நோக்கி வந்தது. மாரியப்பன் சுக்கானை முழங்காலில் இடுக்கிக்கொண்டு, சைக்கிளைப் போர்த்தப் பாய்த்துணியை எட்டி எடுத்தார்.

"விடுங்க. நனையட்டும். நல்ல தண்ணிதானே" என்றாள் அம்சம்.

மழை சடசடவென்று இறங்கியது. சைக்கிளின் ஒவ்வொரு கம்பியிலும் வழிந்து, பெடலில் சொட்டி, படகின் பலகைகளில் ஓடியது. மாரியப்பன் நனைந்துகொண்டே பலகைகளைப் பார்த்தார். அம்சமும் பார்த்தாள். பிறகு கயிற்று வாளியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, மேலே சக்கரம் மழையில் மெதுவாகச் சுற்றுவதைப் பார்த்தபடி, பலகைகளைக் கடல் தண்ணீரில் அலசிவிட, மழை விடக் காத்திருந்தாள்.